சகோதரர் கூட்டத்தில் என் போன்

எசன் நகரத்தில் இருக்கும் என் நண்பர்களுக்கு மெனோனைட் கிறிஸ்தவர் என்றால் குதிரை வண்டிதான். தொலைக்காட்சியில் அமெரிக்காவில் இருக்கும் அந்தச் சபைக்காரரைப் பார்த்துவிட்டு, "உன்ர முதலாளி குதிரையிலயோ வேலைக்கு வாறவர்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். விளங்கப்படுத்தியே எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. குதிரையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. என் முதலாளியும் மெனோனைட்தான், ஆனால் நல்ல வான் வண்டி ஓடுகிறவர். சின்ன வயதில் குடும்பத்தோடு ரஷ்யாவிலிருந்து ஜேர்மனிக்கு வந்தவர். வெஸ்ட்ஃபாலியாவில், அவருடைய சபைக்காரர் நிறையப்பேர் இருக்கும் ஒரு சின்ன ஊரில், சமையலறை அலுமாரி செய்யும் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறைக்குள் கணினியில் ஓடும் அறுக்கும் மெஷின் நிற்கிறது. கைபேசி மட்டும் வாசல் படலைக்குள் வரக்கூடாது.

வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். போன் வீட்டில் கிடக்க வேண்டும். அவசரமென்றால் அலுவலகச் சுவரில் கம்பிப் போன் இருக்கிறது. மதியம் எல்லாரும் ஒரே மேசையில் இருந்து, ஜெபம் சொல்லிச் சாப்பிட வேண்டும். எனக்கு வேலைதான் பெரிதாக இருந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

பிறகு யாழ்ப்பாணத்தில் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் பின்னேரம்தான் ஆட்களைப் பார்க்க விடுவார்கள். அது இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி கட்டிலடியில் நின்று வீடியோவில் அப்பாவைக் காட்டினாள். பேச்சு நன்றாகக் குழறிப்போயிருந்தது. உதட்டையும் கண்ணையும் பார்த்தால்தான் ஏதோ பிடிபடும். என் பெயரைச் சொன்னார். பிறகு எதையோ சொல்ல வந்தார், திரும்பத் திரும்ப அதையே சொல்லப் பார்த்தார். எனக்கு விளங்கவேயில்லை. அதற்குள் பார்க்கிற நேரம் முடிந்து மணி அடித்துத் தங்கச்சியை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அன்றிரவு மனைவி சொன்னாள்: "சப்பாத்துக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோங்கோ. இல்லாட்டி வருத்தம் எண்டு சொல்லிப்போட்டு வீட்டில நில்லுங்கோ." சொல்வது சுகம். புது வேலை, தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. வேலை போனால் குடியுரிமைக்குப் போட்ட விண்ணப்பமும் அதோடு போய்விடும். திங்கட்கிழமை காலை முதலாளியிடம் நேரே கேட்டேன். மதியம் பத்து நிமிடம், வீடியோவில் அப்பாவைப் பார்க்க மட்டும்.

"நான் தனிய முடிவெடுக்க ஏலாது," என்றார். "புதன்கிழமை சபையில சகோதரர் கூட்டம் இருக்கு. அங்க கேட்டுச் சொல்லுறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உந்தக் கணினி மெஷினை மட்டும் எப்பிடி உள்ளுக்கு விட்டனீங்கள்?"

"அதையும் கூட்டத்தில கேட்டுத்தான் விட்டது. மெஷின் பக்கத்தில நிக்கிற ஆளிட்ட இருந்து உம்மைப் பிரிக்காது. போன் பிரிக்கும்."

"நான் பிரிஞ்சுதானே இருக்கிறன்!" என்று கத்தினேன். அவர் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். திருப்பிக் கத்துகிற மனிதனோடு சண்டையாவது பிடிக்கலாம்.

வியாழக்கிழமை காலை முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். கூட்டத்தில் எல்லாரும் ஒரே மனதாகச் சொல்லிவிட்டார்களாம். போன் எதற்கு? மகன் நேரே போய்த் தகப்பனின் கையைப் பிடிக்க வேண்டும். விமான ரிக்கெட்டைச் சபை எடுத்துத் தரும், என் வேலையைச் சகோதரர்கள் பங்குபோட்டுச் செய்வார்கள்.

எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் மோதுவதென்று தெரியவில்லை. இவ்வளவு நல்ல மனிதர்கள்! ஒருவராவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

"நான் அகதி. என்ர பாஸ்போர்ட் நீல பாஸ்போர்ட். அதில மற்ற நாடுகளுக்குப் போகலாம், இலங்கைக்குப் போக ஏலாது. போனால் இஞ்ச விசாவும் போயிடும்."

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "அப்ப திரும்பவும் கேக்க வேணும்," என்றார்.

"போனில கேளுங்கோவன்! சுவரில தொங்குதுதானே. இப்பவே எடுத்துக் கேளுங்கோ."

இப்படியான விஷயத்தைப் போனில் கேட்கக்கூடாதாம். முகம் பார்த்துத்தான் கேட்க வேண்டுமாம். அன்று வேலை முடிந்ததும் வானை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். எந்த வீட்டிலும் நின்றபடி கேட்டுவிட்டு வர மாட்டார், இருந்து தேத்தண்ணி குடித்துத்தான் வருவார் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை விடிய வழமைபோல என்னை ஏற்ற வந்தவர், வானுக்குள் இருந்தபடியே, "போனை எடுத்துக்கொண்டு வாரும்," என்றார். ஒரு நிபந்தனை. மூலைக்குப் போய்த் தனியே பார்க்கக்கூடாது, மேசையில் எல்லாருக்கும் நடுவே வைத்துப் பார்க்க வேண்டும். மதியம் மெஷின்களை நிற்பாட்டினார்கள். ஜெபம் முடிந்தது. யாரும் கரண்டியைத் தொடவில்லை. தண்ணீர்ப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்தேன்.

தங்கச்சி எடுத்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "அண்ணா, ராத்திரி திரும்பவும் வாதம் இழுத்துப்போட்டுது. அதுக்குப் பிறகு அப்பா கதைக்கிறாரில்லை," என்றாள். போனை அப்பாவின் பக்கம் திருப்பினாள்.

அப்பா என்னைப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்தது, அது கண்ணில் தெரிந்தது. "அப்பா, ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்ல வந்தனீங்கள்?" என்று கேட்டேன். உதடு அசையவில்லை. இன்னும் உரத்துக் கேட்டேன். மேசையைச் சுற்றி இருந்த பெரிய பெரிய ஆம்பிளைகள் எல்லாரும் என்னோடு சேர்ந்து அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி மணி அடித்தது. தங்கச்சி போனை வைத்தாள்.

முதலாளி என் தோளில் கையை வைத்தார். "அப்பா என்ன சொன்னவர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்டும் சொல்லேல்லை," என்றேன். "திங்கட்கிழமை எண்டால் சொல்லியிருப்பார்."