தெரிந்தே ஆக வேண்டியவை

மருத்துவக் கல்லூரியில் பாடங்களை இரண்டாகப் பிரிப்போம்: தெரிந்தே ஆக வேண்டியவை, தெரிந்தால் நல்லது. சாவுச் செய்தியை வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்பது இரண்டாவதில் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் கணவர் போனதை ஒரு டாக்டர் ஃபைலைப் பார்த்தபடியே "எக்ஸ்பையர்டு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். காலாவதியாக அவர் என்ன மாத்திரைப் பட்டையா? என்னைப் போன்ற வாத்தியார்கள் உருவாக்கிய டாக்டர்தானே என்று நினைத்தபோது கோபத்தைவிட வெட்கமாக இருந்தது.

பாடத்திட்டக் கூட்டத்தில் சண்டை போட்டேன். இந்தப் பிள்ளைகள் நாளைக்கு அரியலூரிலோ பெரம்பலூரிலோ டூட்டி பார்க்கப்போகிறவர்கள். லாரியில் அடிபட்டு வருகிற கேஸ் வாரம் தவறாது. செய்யப்போகிற வேலையை முதலில் பாருங்கள், அதற்குத் தகுந்தாற்போல் பாடத்தை எழுதுங்கள் என்றேன். தொல்லை விட்டால் போதுமென்று புதன் மதியம் ஒரு மணி நேரம் கொடுத்தார்கள்.

மாணவர் சாவுச் செய்தியைச் சொல்ல வேண்டும். இறந்தவரின் மனைவியாக ஒருத்தி எதிரே உட்கார வேண்டும். நடிப்புதான். ஆனாலும் ஆள் கிடைக்கவில்லை. திருமானூரிலிருந்து வருகிற வார்டு ஆயாம்மா, "எம் புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில, செத்துட்டான்னு கேக்கச் சொல்றீங்களேம்மா" என்றார். கல்யாணமான நர்சுகளும் நழுவிவிட்டார்கள். கேட்டாலும் இனி இழக்க ஒன்றுமில்லாதவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

ஆக, புதன்தோறும் என் கணவர் ஆறு முறை இறந்தார். சிலர் உளறினார்கள், ஒருவன் எனக்கு முந்தி அழுதுவிட்டான். மார்க் போட்டுவிட்டுக் குவார்ட்டர்ஸுக்குப் போனால் பேச ஆளில்லை. தனியாக இருப்பது பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தோம். உட்கார வை, தண்ணீர் கொடு, இறந்துவிட்டார் என்று நேராகச் சொல், கூட யார் இருக்கிறார்கள் என்று கேள். அதற்கு நான் சொல்ல வேண்டிய பதிலும் உண்டு: மகன் இருக்கிறான், வெளியே நிற்கிறான்.

போன புதன் உடையார்பாளையத்துப் பெண் ஒருத்தி எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, "வூட்டுல கூட யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டாள். எனக்கு மகன் கிடையாது. அன்றைக்கு ஏனோ பொய் வரவில்லை.

"யாரும் இல்லம்மா" என்றேன்.

அவள் தாளைப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள். அதற்குமேல் நாங்கள் எதுவும் எழுதியிருக்கவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நேரம் முடிந்து அடுத்த மாணவன் கதவைத் திறந்து பார்த்தான். அவள் எழுந்திருக்கவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.