பாம்பனில் ஒரு பியானோவும் ஊமைக் கட்டையும்

2009 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. ராமநாதபுரம் பள்ளியில் என்னோடு இசை ஆசிரியையாக இருந்த ரெஜினா, தான் இயற்றிய புதிய பியானோ இசையைப் பாம்பன் சர்ச் ஹாலில் முதல் தடவையாக வாசிப்பதாகச் சொல்லியிருந்தார். சென்னையில் மேற்கத்திய இசை படித்து, மேடைகளில் வாசித்தவர். ஓய்வுக்குப் பிறகு பாம்பனில் அக்கா வீட்டில் தங்கி இசை எழுதுகிறார்.

பகல் இரண்டு மணிக்கு ராமேஸ்வரம் பஸ் ஏறினேன். பாம்பன் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். பாலத்திலிருந்து, கட்டிக் கிடக்கும் மீன்பிடி வள்ளங்கள் தெரியும்.

ஹாலில் ரெஜினா பியானோவின் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் வள்ளக்காரர் அந்தோணி, முகம் வாடி நின்றார்.

"நீங்க ஊர்ல இல்லாத நேரமாப் பாத்து மதுரையிலருந்து ஆளக் கூட்டியாந்து கம்பி மாத்துனேன்மா. சந்தோசப்படுவீகன்னு நெனச்சேன்."

உப்புக் காற்றில் தாழ்ந்த சுரக் கட்டை ஒன்றின் கம்பி எப்போதோ அறுந்துவிட்டது. தண்ணீர் வற்றிய அடிபம்பை அடித்தால் இரும்புச் சத்தம் மட்டும் வருமே, அதுபோல அந்தக் கட்டை 'டொக்' என்று மட்டும் சொல்லும். அலையில் ஆடும் வள்ளங்கள் ஒன்றோடொன்று இடிப்பதும் அதே சத்தம்தான். அதைக் கேட்டுத்தான் ரெஜினா இந்த இசையையே எழுதியிருந்தார். இப்போது அந்த இடத்தில் கணீரென்று ஒரு சுரம். கச்சேரிக்கு அரை மணி நேரம்தான் இருந்தது.

"அறுத்துப் போட்டுரவாம்மா?" அந்தோணி இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

"ஏலே, கத்திய உள்ள வை! இங்கன உக்காரு. நான் தலையாட்டுறப்ப இந்தப் பியானோப் பலகையில தட்டு."

முன்வரிசையில் இருந்த அந்தோணியின் மனைவி விடவில்லை. "வீட்ல கத்துனாலும் திரும்பாத மனுசன், இங்க தலையாட்டுனாத் தட்டப் போறாராம்!"

ஐந்தரைக்குத் தொடங்கியது. அந்தோணி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிந்தியே தட்டினார். கடைசித் தட்டுக்கு ரெஜினா தலையாட்டினார். சத்தம் இல்லை. யாரோ இருமினார்கள். அதன் பிறகுதான், மெதுவாக, 'டொக்'.

கைதட்டல் ஓய்ந்ததும் அந்தோணி கேட்டார்: "பிந்திட்டேனாம்மா?"

"உன் வள்ளம் என்னைக்குடா தாளத்துக்கு இடிச்சுச்சு? அடுத்த தடவையும் இப்படியே தட்டு."

போக விரும்புகிறவர்களுக்கு: ஈஸ்டருக்குப் பிறகு மறுபடி வாசிக்கிறார். திரும்பும் பஸ்ஸை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பியானோவின் இடப்பக்கம் உட்காருங்கள். அங்கிருந்துதான் அந்தோணியின் கை தெரியும்.