ஆறாம் கொக்கி, ஏழாம் கொக்கி

எங்கள் தடயவியல் கூடத்தில் கொடியக்கா அளவுக்குப் பயந்த மனுஷியை நான் பார்த்ததில்லை. வீட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பாதித் தெரு போவாள். திரும்பி வந்து நான்காம் முறையும் இழுப்பாள். பஸ் டிக்கெட்டை இறங்கிய பிறகும் ஒரு வாரம் பர்சில் வைத்திருப்பாள். "யாராச்சும் கேட்டா?" என்பாள். இறங்கிப் போனவளிடம் யார் வந்து டிக்கெட் கேட்கப் போகிறார்கள்? அதைச் சொன்னால் முறைப்பாள்.

கொடியக்கா என்று பெயர் வைத்தவள் நான்தான். நான் அங்கே தட்டச்சர். குற்றம் நடந்த இடத்திலிருந்து வரும் துணிகள் பெரும்பாலும் ஈரமாகவே வரும். அப்படியே கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும் என்று உலர்த்துவதற்குத் தனியாக ஓர் அறை இருந்தது. சுவருக்குச் சுவர் ஒரு இரும்புக் கம்பி, அதில் பன்னிரண்டு கொக்கிகள், மேலே ஒரு மின்விசிறி. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கொடிக்கு அக்காதான் காவல். எந்த வழக்கின் எந்தத் துணி எந்தக் கொக்கியில், எப்போது போட்டது, எப்போது எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதித் துணியோடு கட்டுவாள். காய்ந்ததும் சீட்டு குப்பைக்குப் போக வேண்டியது. அக்கா போடமாட்டாள். வருஷத்துக்கு ஒரு கம்பி என்று குத்தி அலமாரியில் தொங்கவிடுவாள். "யாருக்கு மாலை போடப் போறீங்க?" என்று கிண்டல் பண்ணுவேன்.

ஒன்றின் இழை மற்றதில் ஒட்டிவிடும் என்பதால், செத்தவர் துணியும் பிடிபட்டவர் துணியும் ஓர் அறையில் சேர்ந்து இருக்கக் கூடாது என்பது விதி. இருந்ததே ஓர் அறை. வெயில் நாளில் ஒன்றைக் காயவைத்து எடுத்து, கம்பியைத் துடைத்துவிட்டு, அடுத்ததைப் போடுவாள். மழைக்காலத்தில் ஒரு சட்டை காய இரண்டு நாள் ஆகும். மூட்டைகள் வந்து குவியும், மேலிடம் கத்தும். எல்லாம் ஒரே கொடியில் ஏறிவிடும். ஆனாலும் எல்லாக் கோப்பிலும் நான் ஒரே வாக்கியத்தைத்தான் தட்டினேன்: "பொருட்கள் தனித்தனியே உலர்த்தப்பட்டன." அதற்குக் கீழே அக்காவின் கையெழுத்து. அதை ஒரு தடவையாவது நான் யோசித்துத் தட்டியிருந்தால் இன்று இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, பழைய தீர்ப்புகளை மறுபடி ஆராயும் குழுவிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்தார். பதினான்கு வருஷத்துக்கு முந்தைய வழக்கு. குளக்கரையில் ஒரு பெண் கொலையானாள். ஒரு லாரி கிளீனருக்கு ஆயுள் தண்டனை. பார்த்த சாட்சி யாருமில்லை. அவன் நீலச் சட்டையில் அவளுடைய சிவப்பு ஸ்வெட்டரின் நூல் இழைகள் ஒட்டியிருந்தன என்று எங்கள் கூடம் அறிக்கை கொடுத்தது, அதுவே போதுமாக இருந்தது. அறிக்கை எழுதிய விஞ்ஞானி இப்போது உயிரோடு இல்லை.

"ரெண்டு துணியையும் எப்படிக் காயவெச்சீங்க?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"தனித்தனியாத்தாம்மா" என்றாள் அக்கா. அவள் கை முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தது.

நாளைக்குப் பதினோரு மணிக்கு வருகிறேன் என்று அவர் போனதும், அக்கா என்னை உலர்த்தும் அறைக்குள் இழுத்துப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அந்த வருஷத்துக் கம்பியை இறக்கிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கிடைத்துவிட்டது. ஆறாம் கொக்கி, சிவப்பு ஸ்வெட்டர். ஏழாம் கொக்கி, நீலச் சட்டை. இரண்டு நாள். மழை.

"நாந்தான் அவன உள்ள தள்ளினேனா?"

தலைக்கு மேல் அதே விசிறி தொங்கியது. இரண்டு நாள் முழுக்க அது ஓடியிருக்கும்.

"கிழிச்சுப் போடுங்கக்கா. இது இருக்கறதே யாருக்கும் தெரியாது" என்றேன்.

"பொய்க் கையெழுத்துன்னு என்னையப் பிடிச்சு உள்ள போட்டுருவாங்கல்ல?"

"அதுக்குத்தான் சொல்றேன்."

அக்காமேல் அக்கறையில் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பொய்யைத் தட்டிய விரல்கள் என்னுடையவை. அவள் சீட்டைப் பர்சில் பஸ் டிக்கெட்டுகளோடு வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கண்கள் வீங்கி வந்தாள்.

"எரிச்சாச்சா?"

"அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன். என்னால ஒரு பஸ் டிக்கெட்டையே தூக்கிப் போட முடியாதுடி. இத எப்படிப் போடுவேன்?"

பதினோரு மணிக்கு வக்கீலம்மா உட்கார்ந்ததும் அக்கா சீட்டை அவர் முன்னால் வைத்தாள். "நேத்து பொய் சொல்லிட்டேம்மா" என்றாள். மீதியை அவர் படித்துத் தெரிந்துகொண்டார்.

"மழைன்னு எதுக்கு எழுதினீங்க?"

"காய ரெண்டு நாளான்னு திட்டுவாங்க. யாராச்சும் கேட்டா காட்டலாம்னு."

"பதினாலு வருஷம் கழிச்சு நான்தான் கேக்கறேன் போல."

"அவர் வெளிய வந்துருவாராம்மா?"

"வருவார்னுதான் நினைக்கறேன். உங்களையும் கூப்பிட்டுக் கேள்வி கேப்பாங்க. தயாரா இருங்க."

அக்கா தலையாட்டினாள். பயம் போகவில்லை, ஆனாலும் மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. அப்போதுதான் வக்கீலம்மா சீட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மழை பெஞ்ச மத்த நாளெல்லாம்?"

அக்கா எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். இருபத்திரண்டு கம்பிகள் வரிசையாகத் தொங்கின.

வக்கீலம்மா அவற்றை ஒரு முறை எண்ணினார். பிறகு என்னைப் பார்த்து, "உக்காருங்க. மழைன்னு இருக்கற சீட்டுக்கெல்லாம் கேஸ் நம்பர் சொல்றேன், டைப் பண்ணுங்க" என்றார். எழுத்துகள் தப்பித் தப்பி விழுந்தன. சாயங்காலம் வரை தட்டியும் மூன்றாவது கம்பி முடியவில்லை.

நாற்பத்தோராவது எண்ணை அவர் சொன்னபோது அக்கா குறுக்கிட்டாள்.

"அத விட்டுருங்கம்மா. அந்தக் கேஸ்ல உள்ள போனவர் ஜெயில்லயே செத்துட்டார். அவர் பொண்ணு வந்து எங்கிட்டதான் துணிய வாங்கிட்டுப் போச்சு. நல்லா மடிச்சுக் குடுத்தீங்கன்னு கும்பிட்டுட்டுப் போச்சு."

வக்கீலம்மா சீட்டைக் கீழே வைக்கவில்லை. "அதையும் போடுங்க" என்றார்.

போட்டேன்.