மேல்நோக்கி ஓடிய சொட்டு

லூவினா கிட்ரெலுக்கு மெதுவாகப் பேச வராது. பள்ளிப் பேருந்து ஓட்டியே காலம் தள்ளியவள். கடைசி இருக்கைக்கும் கேட்க வேண்டுமே. வட கரோலினாவின் அந்தச் செம்மண் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும், காபிக்கு முன்னால் மூலையில் கிடக்கிற பழைய ஜாடிக்குள் கையை விட்டுத் தடவுவாள். "உப்புச்சூளை ஜாடி! எங்க கொள்ளுத்தாத்தா கைவேலைடி இது!" என்று கூவுவாள். பாதி நேரம் அது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

கிட்ரெல்கள் பரம்பரைக் குயவர்கள். சூளை வெள்ளையாகத் தகிக்கும்போது மேல் துவாரங்களில் உப்பைக் கொட்டுவார்கள். அது ஆவியாகி, பாண்டத்தின் மேல் ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாகப் பளபளக்கும். சூளைக் கூரையின் செங்கல் உருகி, பச்சைக் கண்ணாடிச் சொட்டு ஒன்றிரண்டு பாண்டத்தின் தலையில் விழுந்து வழியும். அந்தச் சொட்டைக் கண்டால் லூவினாவுக்குத் தலைகால் புரியாது.

அவளுக்கு ஒரே ஒரு குறை. கொள்ளுத்தாத்தா ரூஃபஸ், நாலு வயதில் இறந்துபோன மகள் ஐலாவுக்குத் தன் கையாலேயே கல்லறைக் குறி வனைந்து சுட்டு வைத்திருந்தார். தலை மூடி, அடி திறந்த மண் உருளை. பக்கவாட்டில் பெயர் கீறியிருக்கும். லூவினா சின்னப் பெண்ணாக இருந்தபோதே அது தேவாலயக் கல்லறைத் தோட்டத்திலிருந்து காணாமல் போய்விட்டது. குழந்தை எந்த இடத்தில் கிடக்கிறாள் என்று சொல்ல ஆளில்லை. மே மாதம் கல்லறைகளை அலங்கரிக்கும் ஞாயிறன்று, ஐலாவின் பூவை மட்டும் வேலியோரம் உத்தேசமாக வைத்துவிட்டு வருவாள். அது அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது.

திருடன் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கூடப் படித்த கோய் பீல். அப்பன் காலத்திலிருந்து பழைய ஜாடி வாங்கி விற்கிற குடும்பம். சில வருஷங்களுக்கு முன் சபை விருந்தில், கோழி வறுவல் தட்டும் கையுமாக, எல்லோர் முன்னாலும் கத்தினாள்: "உங்கப்பன் தூக்கினான், நீ வித்த! செத்த குழந்தையோட கல்லறைடா அது!" அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அலங்கார ஞாயிறும் கோய் அந்தத் தோட்டத்துத் தேவதாரு மரத்தடியில், வெறும் புல்லில், ஒரு கொத்துப் பூ வைத்தான். தன்னைக் கேலி பண்ணத்தான் என்று இவள் பொருமினாள்.

இந்த வருஷம் அலங்கார ஞாயிறுக்கு முந்தின நாள் காலை, அவள் கணவன் ஹோய்ட் வீட்டு முகப்பைக் கழுவ, தண்ணீரைப் பீய்ச்சியடிக்கிற இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வந்தான். முகப்பு மூலையில் குடைகளைச் செருகி வைக்கிற பழைய சாக்கடைக் குழாய். அடிப்பக்கம் சிமெண்டால் அடைத்தது என்று எல்லோருக்கும் நினைப்பு. லூவினாவின் அப்பா உயிரோடு இருந்தவரை அதற்குத் தானேதான் வெள்ளைப் பெயிண்ட் அடிப்பார், வேறு யாரையும் தொட விடமாட்டார். சாக்கடைக் குழாயும் உப்புச்சூளையில் சுடுகிற சரக்குதான். அதனாலேயே ஜாடிப் பைத்தியமான இவள் அதை மட்டும் சீண்டவே இல்லை.

"லூ! உன் சாக்கடைக் குழாயைக் கொஞ்சம் வந்து பாரேன்!"

பெயிண்ட் தகடு தகடாக உரிந்திருந்தது. பெயிண்டுக்குள்ளே ஆரஞ்சுத் தோல். அடியிலிருந்து கிளம்பி மேலே ஓடியிருந்தது ஒரு பச்சைச் சொட்டு.

"ஹோய்ட்! சொட்டு மேல போகுது!"

"போனா போகட்டுமே."

"அட மரமண்டை! சொட்டு எங்கயாவது கீழேர்ந்து மேல வழியுமா? இது தலைகீழா நிக்குதுய்யா! கவுத்து! கவுத்துப் போடு!"

குடைகள் நாலாபக்கமும் பறந்தன. உருளையைப் புரட்டி நிறுத்தினார்கள். அழுக்குக்குள்ளிருந்து எழுத்துகள் நேராக எழுந்து நின்றன: 'ஐலா. எங்கள் செல்லம்.'

லூவினா குதித்தாள், அழுதாள், நனைந்து நின்ற ஹோய்ட்டைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். ஹோய்ட் மட்டும் அடி விளிம்பைத் தடவிப் பார்த்தான். சுற்றிலும் உடைந்திருந்தது.

"அந்தக் காலத்துல சர்ச்சுல டிராக்டர் வெச்சுப் புல்லு வெட்டினது உங்கப்பாதானே?"

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா இடித்தது. அப்பா ஒளித்தது. "ஐயோ, கோய்," என்றாள்.

ஞாயிறன்று அதைக் குழந்தையைப்போல இடுப்பில் தூக்கிக்கொண்டு விருந்து மேசைகளுக்கு நடுவே போய் நின்றாள். திட்டிய அதே குரலில் கத்தினாள்: "எல்லாரும் கேளுங்க! கோய் பீல் திருடல! அவங்கப்பாவும் திருடல! இது எங்க வீட்டு வாசல்லயே குடை தாங்கிட்டு நின்னுச்சு! இடிச்சது எங்கப்பா, கத்தினது நான்!"

கோய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். உடைந்த விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவினான். "தூக்கிட்டு வா," என்று தேவதாரு மரத்தடிக்கு நடந்தான். அன்று காலை அவன் வைத்த பூவை ஒதுக்கி, புல்லை விலக்கினான். மண்ணுக்குள் புதைந்து கிடந்தது ஒரு வளையம், அதே ஆரஞ்சுத் தோலோடு. உருளையை அதன்மேல் இறக்கித் திருப்பினார்கள். பல் பல்லோடு பொருந்தி உட்கார்ந்தது.

"இடம் உனக்குத் தெரியுமா?" லூவினா அலறினாள். "பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அந்த வருஷம் இங்க களை பிடுங்கறப்ப இந்த வளையம் கையில தட்டுப்பட்டுச்சு. சொல்லத்தான் அன்னைக்கு விருந்துல உன் மேசைக்கு வந்தேன். அதுக்குள்ள நீ ஆரம்பிச்சுட்ட. எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. பூவை மட்டும் வெச்சேன்."

லூவினா மண்டியிட்டு, தன் பூவை அவன் பூவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.