மாஸ்டர் மாடிக்கு வந்த பலகை

என் அக்கா வீட்டுக்காரர் தேவதாசன் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு மாஸ்டர், எனக்கு அத்தான். பிடிவாதம் என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கடவுள் மொத்தமாக அந்த மனிதர் தலையில் கொட்டிவிட்டார். மைதானத்தில் நின்ற காலம் முழுக்க வெறுங்கால். கேட்டால், "பூட்ஸ் போட்டவன் காலு சோம்பேறிக் காலுலே" என்பார். பூட்ஸ் போட்டு ஓடிய பையன்கள் கோப்பை வாங்கி வந்த அன்றைக்கும் அதையேதான் சொன்னார். அக்கா ஞானசவுந்தரி வாங்கிக் கொடுத்த செருப்புகளெல்லாம் வாசலில் கிடந்தே கிழடு தட்டிப் போயின. கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் ஒரு ஜோடி போகும், வரும்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மைதானம் மொட்டை மாடிதான். காலையில் நடை, மாலையில் நடை, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று மத்தியானத்திலும் ஒரு நடை. எங்கள் தெருக்காரர்களின் வெள்ளிக்கிழமை ஜெபமும் அந்த மாடியில்தான். ஜெபம் நடக்கிற இடமாயிற்றே, படி முடிகிற இடத்திலேயே எல்லாரும் செருப்பைக் கழற்றிவிடுவோம். அத்தான் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் கழற்றினால் போதாதா என்று கேட்டேன். "செவ்வாக்கெழம ஆண்டவரு மாடிக்கு வரமாட்டாராலே?" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

இதில் சிக்கல் என்னவென்றால், அத்தானுக்குச் சர்க்கரை. அவருடைய அண்ணனுக்கும் இருந்தது. அண்ணன் காலில் ஒரு சின்னக் கொப்புளம் வந்தது, ஆறாமல் பழுத்தது, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. மாடியிலோ தளத்தில் பதித்த தட்டோடு பெயர்ந்து கண்ட இடத்தில் கூர் கூராக நிற்கிறது. கத்திரி வெயிலில் கால் வைக்க முடியாது. "அவுக காலுல ஒரு கொப்புளம் வந்திரக் கூடாது மெர்வின். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். மேல ஒரு நல்ல தரையாப் போட்டுக் குடுத்திரு," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரியென்று தலையாட்டினேன்.

மஸ்கட்டில் இருக்கும் அவர்கள் மகள் டெபோரா போனில் வழி சொன்னாள். அவள் வீட்டுப் பின்பக்கம் கம்போசிட் பலகை போட்டிருக்கிறார்களாம். மரத்தூளையும் உருக்கிய பிளாஸ்டிக்கையும் சேர்த்துச் செய்த பலகை. கரையான் அரிக்காது, மழையில் ஊறாது. "பாலைவனத்துலயே நல்லா இருக்கு மாமா. நம்மூரு வெயிலு எம்மாத்திரம்?" என்றாள். பாலைவனமே சரி என்று சொன்ன பிறகு நாம் யார்? கிளம்பிவிட்டோம். அவள் வீட்டில் அந்தப் பலகைக்கு மேலே பெரிய கூரை இருக்கிறது, அதில் எல்லாரும் செருப்போடுதான் நடக்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு பைய வெளியே வந்த சங்கதி.

மேலப்பாளையத்தில் கடை வைத்திருக்கும் அலி அஸ்கர் அத்தானிடம் படித்தவன். "சார்வாளுக்கு இல்லாததா!" என்று எழுந்து நின்றான். பிறகு பலகையாக எடுத்துப் போட ஆரம்பித்தான் பாருங்கள், எனக்குத் தலை சுற்றிவிட்டது. கெட்டிப் பலகை நாள்பட உழைக்கும், ஆனால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றான். உள்ளே ஓட்டை உள்ளது சீக்கிரம் ஆறும், ஆனால் கனம் தாங்காது. மேலே உறை போட்டது சாயம் போகாது, ஆனால் அந்த உறை சுடுமா சுடாதா என்று அவனுக்கே நிச்சயமில்லை. கறுக்கக் கறுக்கச் சூடு அதிகம் என்பதை மட்டும் அடித்துச் சொன்னான். "அப்ப எதத்தான்வே வாங்க?" என்றேன். "அது ஒங்க விருப்பம் அண்ணாச்சி," என்றான். என் விருப்பம் என்னவென்று எனக்கே தெரிந்தால் நான் எதற்கு இவன் கடையில் வந்து நிற்கிறேன்?

வீட்டுக்கு வந்தால் அதற்கு மேல். போனில் வீடியோ பார்த்தேன். ஒருவன் வெளிர் நிறம்தான் வாங்க வேண்டும் என்கிறான். இன்னொருவன் நிறத்தில் ஒன்றுமே இல்லை என்கிறான். மூன்றாமவன் பலகையே வேண்டாம், பேசாமல் வெள்ளை அடித்துவிடு என்கிறான். அக்காவுக்கு மணல் நிறம் பிடித்தது. அழுக்குத் தெரியுமே என்று உடனே பிடிக்காமலும் போயிற்று. டெபோரா சாம்பல் நிறம் என்றாள். அத்தானோ, "காப்பிக்கொட்ட நெறந்தாம்லே ஆம்பள நெறம்" என்கிறார். பலகையில் ஆம்பளை என்ன, பொம்பளை என்ன! எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கடைசியில் அலி அஸ்கரிடம் மூன்று நிறத்திலும் ஒவ்வொரு துண்டு வாங்கி வந்து மாடியில் போட்டோம். மத்தியானம் வரை காயட்டும், பிறகு தொட்டுப் பார்த்து முடிவு செய்யலாம் என்று பேச்சு. தொடுவதற்கு அத்தான் யாரையும் விடவில்லை. "யாரு காலுக்குப் பலக? எங்காலுக்கு. அப்ப நாந்தான் நின்னு பாக்கணும்," என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் ஏறினார்.

"சுட்டா ஒடனே எறங்கிருங்க," என்று அக்கா பின்னாலேயே ஓடினாள். தரைச் சூட்டுக்குப் பயந்து அவளும் நானும் அன்றைக்குச் செருப்போடுதான் ஏறினோம்.

மணல் நிறத்தில் நின்றார். "சுடல." சாம்பலில் நின்றார். "இதுவும் சுடல." காப்பிக்கொட்டை நிறத்தில் ஏறி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ பழைய கபடிப் போட்டிக் கதையை எடுத்துவிட்டார். கதை முடிகிற வரைக்கும் இறங்கவே இல்லை. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்," என்றாள். எனக்கும் தலைவலி தீர்ந்த சந்தோஷம். அங்கேயே நின்று அலி அஸ்கருக்குப் போன் போட்டு, காப்பிக்கொட்டை நிறத்தையே ஏற்றி அனுப்பு என்று சொல்லிவிட்டேன்.

"அதா அண்ணாச்சி? இருக்கதுலயே அதுதானே சுடும்?"

"ஒம்ம வாத்தியாரு நின்னு பாத்துட்டாருவே."

"சார்வாள் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று அவனும் குழம்பிப்போய் வைத்துவிட்டான்.

போனைச் சட்டைப் பையில் போட்ட பிறகும் எனக்கு மனசு ஒப்பவில்லை. குனிந்து அந்தத் துண்டில் கையை வைத்தேன். யம்மா! வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். "அத்தான், இது கொதிக்குல்லா!" என்றேன்.

"ஒன் கை கிளார்க்கு கைலே. பேனா பிடிச்ச கை பின்ன எப்படி இருக்கும்?"

அக்கா வந்து தொட்டாள். இட்லிக் கொப்பரையைத் துணி இல்லாமல் அடுப்பிலிருந்து இறக்குகிறவள் அவள். அவளும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒருவேளை ஒரு பக்கம் சுட்டு ஒரு பக்கம் சுடாதோ என்று பலகையைக் காலால் புரட்டிப் பார்த்தேன். மணல் நிறத்தைத் தொட்டேன், அதுவும் சுட்டது. சாம்பலும் சுட்டது. இவ்வளவு நேரம் இந்த மனிதர் எதன் மேல் நின்று கதை சொன்னார்?

"என்ன ரெண்டு பேரும் நாடகம் போடுதிய?" என்று அத்தான் குனிந்து தன் உள்ளங்கையை வைத்தார். அவரும் எடுத்தார். கையைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார்.

அக்கா அவரைப் படி நிழலில் உட்காரவைத்து, வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பாதம் முழுக்கச் சிவந்து கிடந்தது. பெருவிரலுக்கு அடியில் தோல் உப்பிக் கொப்புளம் எழும்பியிருந்தது. எது வரக் கூடாது என்று அவள் பயந்து கிடந்தாளோ, அதேதான்.

"வலிக்குதாங்க?"

"எங்கன?" என்றார். பிறகு அவரே, "வெயிலுல நின்னது, செத்த மரத்திருக்கும். நீ வெரல வெரலாத் தொட்டுப் பாரு சவுந்தரி. நான் கண்ண மூடிக்கிடுதேன், எந்த வெரலுன்னு சொல்லுதேன்," என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அக்கா குதிகாலை ஒரு கையில் தாங்கி, பெருவிரலை அழுத்தினாள். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த விரலை அழுத்தினாள். சுண்டுவிரலை நகம் பதியக் கிள்ளினாள். அவள் கண்ணீர் அவருடைய பாதத்தில்தான் சொட்டியது.

கண்ணைத் திறக்காமலே அத்தான் சொன்னார்: "என்ன சவுந்தரி, சும்மா உக்காந்திருக்க? தொடு."