முன்பே வாங்கிய மன்னிப்பு

திண்டிவனத்துக்காரர்களுக்குப் பாண்டிச்சேரியில் எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருக்கும். இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள்வார்கள். திரும்பும்போது டேங்க் வழிய வழியப் பெட்ரோல் போட்டுக்கொள்ளத்தானே அந்த வேலை என்று கேட்டால் மட்டும் கோபம் வந்துவிடும். அங்கே வரி குறைவு. எல்லையைத் தாண்டி வாங்கினால் அந்த ஊர் வரி, இங்கே வாங்கினால் இந்த ஊர் வரி. இதைச் சுப்ரியா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சின்ன வயதில் அப்பா ஸ்ரீபாலனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய்த் தெரிந்துகொண்டது. அந்தப் பாடமே முப்பத்தாறு வயதில் அவள் காலை வாரிவிடும் என்று யார் கண்டார்கள்?

செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம் அவளுடையது. பி.காம். முடித்து விழுப்புரத்தில் ஓர் எண்ணெய் ஆலையில் பத்து வருடம் பில் போட்டாள். வாங்குகிறவர்கள் ஆலை வாசலுக்கே வந்து டின்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். சரக்கு எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்க வேண்டிய அவசியமே அவளுக்கு வந்ததில்லை. ஆலையை மூடிய பிறகு, திண்டிவனத்தில் ஒரு மொபைல் கடையின் மாடியில் சக்கரபாணி நடத்திய சின்ன ஆபீசில் சேர்ந்தாள். வெளிநாட்டுக் கடைகளின் பில் வேலையை இங்கிருந்தே செய்துகொடுக்கும் ஆபீஸ் அது. அவளுக்கு வந்தது கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்தில், டோரத்தி என்ற பெண்மணி இணையத்தில் நடத்திய போர்வைக் கடை.

முதல் நாளே கடையின் மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது. வரியைக் கடை இருக்கும் மாகாணத்தின்படி போடவா, போர்வை போய்ச்சேரும் மாகாணத்தின்படி போடவா? சுப்ரியா யோசிக்கவே இல்லை. பாண்டிச்சேரி பங்கில் பெட்ரோல் போட்டு வளர்ந்தவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடை ஆல்பர்ட்டாவில். அங்கே வரி ஐந்து சதவீதம். அதையே போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். சக்கரபாணியும் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

டோரத்தி நல்ல மனுஷி. முகம் பார்த்ததில்லை என்றாலும் தினமும் இரண்டு வரியாவது பேசிக்கொள்வார்கள். அங்கே பனி எவ்வளவு விழுந்தது, இங்கே வெயில் எவ்வளவு அடித்தது என்று. சுப்ரியா சமணர் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறவள் என்று தெரிந்ததும், அதற்கு முன்பே அவள் வீட்டுக்குப் போய்ச்சேரும்படி வேலை நேரத்தை மாற்றிக்கொடுத்தாள். எத்தனை முதலாளிக்கு இது தோன்றும்?

அந்தப் புரட்டாசியில் பத்து நாள் விரதம் முடிந்தது. விரத முடிவில் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது சமணர் வழக்கம். அறிந்தோ அறியாமலோ மனத்தாலும் சொல்லாலும் செயலாலும் தவறு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று போனில் இருக்கும் அத்தனை பேருக்கும் அனுப்புவார்கள். சுப்ரியா அதை ஆங்கிலத்தில் எழுதி டோரத்திக்கும் அனுப்பினாள். உடனே பதில் வந்தது. "நீ எனக்கு ஒரு தவறும் செய்யவில்லை. செய்திருந்தாலும், அது எதுவாக இருந்தாலும், மன்னித்துவிட்டேன்." சுப்ரியா அதைக் கணவன் ஜிதேந்திரனிடம் காட்டிக்காட்டிப் பூரித்துப்போனாள்.

கார்த்திகையில் பேய்மழை பெய்து, ஜிதேந்திரன் வியாபாரத்துக்கு வாங்கி வைத்திருந்த மல்லாட்டை மூட்டைகள் நனைந்து, உள்ளே கடலை முளைவிட்டது. அதன்பிறகு வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. மழைச் செய்தியைப் பார்த்துவிட்டு டோரத்தி மூன்று தடவை விசாரித்தாள்.

மாசியில் ஒரு நாள், நோவா ஸ்கோஷியா என்ற மாகாணத்தில் ஏப்ரல் முதல் வரி பதினைந்திலிருந்து பதினாலாகக் குறைகிறது என்று அறிவிப்பு வந்தது. மாற்றலாம் என்று கடையின் மென்பொருளைத் திறந்தாள். மாற்றுவதற்கு அங்கே பதினைந்து என்று ஒன்று இருந்தால்தானே? அந்த மாகாணத்துக்குப் போன ஒவ்வொரு போர்வைக்கும் ஐந்துதான் போட்டிருந்தது. ஒன்டாரியோ மாகாணத்துக்குப் பதின்மூன்று போட்டிருக்க வேண்டும். அதற்கும் ஐந்து. அனுப்பி வைக்கும் பொருளுக்குப் போய்ச்சேரும் இடத்து வரிதான் என்று அன்றைக்குத்தான் விதியைப் படித்தாள். அவள் சேர்ந்து பதினாலு மாதம். வாங்காமல் விட்ட வரியை இனி எந்த வாடிக்கையாளரிடம் போய்க் கேட்பது? டோரத்திதான் கையிலிருந்து கட்ட வேண்டும்.

சக்கரபாணி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னிலேர்ந்து சரியா போட்டுக்கினு போம்மா. பழச நீயா ஏன் கிளறுற? அந்தம்மா கிட்ட சொன்னா உன் வேலையும் போவும், என் ஆபீஸ் பேரும் போவும்."

அந்த மனிதரைத் திட்டுவதற்கில்லை. அவர் பயம் அவருக்கு. ஆனால் வீட்டில் ஜிதேந்திரன் சொன்னதுதான் அவளை ஆட்டிவைத்தது.

"நீதான் ஏற்கெனவே மன்னிப்பு கேட்டுட்டியே. எதுவா இருந்தாலும் மன்னிச்சிட்டேன்னு அவங்களும் சொல்லிட்டாங்க. அப்பறம் இன்னா?"

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பினான். சுப்ரியாவுக்கும் இரண்டு நாள் அதை நம்பிப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. போனை எடுத்து எடுத்து அந்தப் பதிலைப் படித்தாள். மனசு ஒப்பவில்லை. தவறு இன்னதென்று தெரியாமல் கொடுத்ததைத் தெரிந்தபின் பையில் போட்டுக்கொள்வது எந்த நியாயம்? கணக்கு கேட்டு அரசாங்கம் வந்து நின்றால், ஒன்றும் அறியாமல் முழிக்கப்போவது அந்த மனுஷிதான்.

மூன்றாம் நாள் காலை உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினாள். எந்த மாகாணத்துக்கு எத்தனை போர்வை போனது, எவ்வளவு குறைந்தது, தவறு யாருடையது என்று ஒன்று விடாமல் எழுதி டோரத்திக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அழுவாளோ என்றும் பயந்தாள்.

மறுநாள் வந்தது ஒரே ஒரு கேள்வி. "செப்டம்பரில் என்னிடம் மன்னிப்புக் கேட்டாயே, அப்போதே இது உனக்குத் தெரியுமா?"

இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே சுப்ரியாவுக்குத் தோன்றியதில்லை. வருடா வருடம் கேட்கிற மன்னிப்பு அது. ஊரில் எல்லோரும் கேட்பது. இதை எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவளுக்கு எதைக் காட்டி நிரூபிப்பது? யோசித்துப் பார்த்தால் அவள் சந்தேகத்திலும் பிசகில்லை. முன்கூட்டியே மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்துத் தவறைச் சொன்னவளை யார்தான் நம்புவார்கள்?

"தெரியாது. சத்தியமாகத் தெரியாது" என்று அனுப்பினாள். டோரத்தி படித்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை. வார முடிவில் அந்த மாதச் சம்பளம் முழுசாக வந்தது. கடையின் மென்பொருளுக்குள் நுழையும் வழி அவளுக்கு அடைக்கப்பட்டிருந்தது. ஒரு ரூபாயாவது பிடித்துக்கொண்டிருந்தால் அவள் இவ்வளவு அழுதிருக்க மாட்டாள். டோரத்தி வரியை வட்டியோடு கட்டிவிட்டதாகச் சக்கரபாணி மூலம் தெரிந்தது. அவர் ஆபீசிலும் சுப்ரியாவுக்கு இடமில்லாமல் போனது. இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். வாங்குகிறவர்கள் நேரே வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அடுத்த விரதம் முடிந்த காலையில் ஜிதேந்திரன் வழக்கம்போல எல்லோருக்கும் செய்தியைத் தயார் செய்து, கீழே இரண்டு பேர் பெயரையும் போட்டான். அவள் பெயரை எடுத்துவிடச் சொன்னாள் சுப்ரியா.

"ஏன், நீ யாராண்டயும் கேக்க மாட்டியா?"

"கேப்பேன். இன்னா தப்புன்னு சொல்லிக் கேப்பேன். சொல்லாம கேட்டு வாங்கனது எனக்கு நிக்கலங்க."

ஜிதேந்திரன் அவள் பெயரை அழித்துவிட்டு அனுப்பினான். சுப்ரியா தன் போனில் டோரத்தியின் பக்கத்தைத் திறந்தாள். மேலே, எதுவாக இருந்தாலும் மன்னித்துவிட்டேன் என்ற வரி. நடுவே மழை நின்றதா, வீட்டில் தண்ணீர் புகுந்ததா என்ற விசாரிப்புகள். கடைசியில் தான் எழுதிய 'தெரியாது', அதன் கீழே ஒன்றுமில்லை.