ஆற்றுப் புறம்போக்கில் ஓர் அமாவாசை

கார்த்திகை 4, வியாழக்கிழமை, அமாவாசை. பிற்பகல் 2.10: சேவூரிலிருந்து இருசக்கர வாகனத்தில் புறப்பாடு. ஓட்டியவர் முள்ளிப்பட்டு நெசவாளர் கோபி. 2.45: கமண்டல நாக நதிக் கரை. தூரம் பதினொரு கிலோமீட்டர். 3.05: கணுக்கால் அளவு நீரில் நடந்து, ஆற்றின் நடுவிலுள்ள திட்டை அடைந்தோம். 4.00: கூடாரம் எழுப்பி முடிந்தது. 5.10: உணவு. 5.40: கதிரவன் மறைவு. 7.20: திட்டை விட்டு வெளியேறினோம். 7.45: கரை. மழை இல்லை. காயம் இல்லை. இழப்பு: கூடாரம் ஒன்று.

அந்தக் கூடாரம் என் மகன் ஸ்ரீபாலனுடையது. பதினான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்தான். கோபி அவனுடைய பள்ளித் தோழர். விடுமுறை கிடைத்தால் இருவரும் இந்தத் திட்டில் வந்து தங்குவார்கள். இருநூறு அடி நீள மணல் மேடு. நாணல், நான்கு கருவேல மரங்கள், வேறெதுவும் இல்லை. என்னையும் மூன்று முறை அழைத்தான். நான் கல்லூரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் நிலச் சட்டம் கற்பித்தவன். ஆற்றுப் புறம்போக்கில் அனுமதியின்றி இரவு தங்குவது முறையாகாது என்று மூன்று முறையும் ஒரே பதிலைச் சொன்னேன்.

ஆகவே இம்முறை அனுமதி கேட்டேன். கிராம நிர்வாக அலுவலர் என் மனுவை இரண்டு தடவை படித்தார்.

"ஆத்துல ஒரு ராத்திரி தங்கறதுக்கு மனு எழுதினு வந்த மொத ஆளு நீங்கதான் சார். ஆக்கிரமிப்பு பண்றவன்கூட எங்கள கேக்கறதில்ல" என்றார்.

பிறகு அவர் கூறியவற்றை, செல்ல விரும்புவோருக்காக இங்கே தருகிறேன். திட்டு அரசு நிலம். அங்கே நிலையாக எதையும் அமைக்கக் கூடாது. மரத்தில் கை வைக்கக் கூடாது. கொண்டு போனதை எல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும். காவல் நிலையத்தில் பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்து வைப்பது நல்லது. இந்த ஆறு இறங்கிவரும் ஜவ்வாது மலைக் காட்டில் தங்குவதானால் வனத்துறையிடம் தனியாக எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும். எங்கே தங்கினாலும், மலையில் மழை உண்டா என்று புறப்படும் முன் விசாரிக்க வேண்டும். விசாரித்தோம். காலையில் மழை இல்லை என்றார்கள். பிற்பகலில் மறுபடி விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் முதல் பிழை நாளைத் தேர்ந்ததில் நேர்ந்தது. நெசவாளருக்குத் தறி ஓய்வது அமாவாசையன்று. கோபிக்கு அந்நாள் வசதி, நானும் இசைந்தேன். நிலவு இராது என்பதை இருவரும் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் பிழை முழுக்க என்னுடையது. எங்கள் குடும்பம் சமணக் குடும்பம். கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை. என் வரையில், வெட்டவெளியில் விளக்கும் வைப்பதில்லை. வெளிச்சத்தை நாடி வரும் பூச்சிகள் மடியும்.

ஐந்து மணிக்கே நான் தயிர்ச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்ததைக் கண்டு கோபி சிரித்தார். "இதான் ராச்சாப்பாடாப்பா? அதான் ஸ்ரீபாலு ஒம்போது மணிக்கு என் டிபன்ல கைய உட்டுனு இருந்தானா!"

அவன் இரவில் உண்டான் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஸ்ரீபாலன் ஒரு சிறு நோட்டில் தங்கும் விதிகளை எழுதி வைத்திருந்தான். நான்காம் விதி இது: "தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி. மேட்டுப் பக்கம் மூன்றடி தள்ளி இன்னொரு குச்சி. அரை மணிக்கு ஒருமுறை பார். இரண்டாவதைத் தண்ணீர் தொட்டால் சாமானை விட்டுவிட்டு நட." குச்சிகளை நானே நட்டேன். ஆறு மணிக்கு இருட்டில் இரண்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

கோபி டார்ச்சை எடுத்தார். வேண்டாம் என்றேன். ஸ்ரீபாலன் இருந்தவரை விளக்கு எரியும் என்று தயங்கிச் சொன்னார். மீண்டும் வேண்டாம் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து முறுக்கிய பட்டு நூல்கண்டு ஒன்றை எடுத்தார். காலித் தண்ணீர்ப் புட்டியின் கழுத்தில் நூலைக் கட்டினார். இருட்டில் தடவிச் சென்று இரண்டாம் குச்சியின் அடியில் புட்டியைக் கிடத்தினார். மறுமுனையைத் தம் ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு கூடார வாசலில் அமர்ந்தார்.

"தறியில ஒரு இழை தளர்ந்தாக்கூட கை சொல்லிடும்பா. கண்ணு வேணாம்."

அதற்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தை என்னால் சரியாக விவரிக்க இயலாது. தவளைகள் ஓய்ந்தன. ஆற்றின் ஓசை பெருகியதா, மற்ற ஓசைகள் அடங்கியதால் அப்படிக் கேட்டதா, தெரியவில்லை. எழுந்து போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்து, எதைக் காரணமாகச் சொல்வதென்று புரியாமல் இருந்துவிட்டேன். கோபி தம் சின்ன மகள் பாட்டுப் போட்டியில் அழுததைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாக்கியத்தின் நடுவில் நின்றார்.

"இழுக்குது."

டார்ச்சை நானே எரிய விட்டேன். நாங்கள் கடந்து வந்த கணுக்கால் நீர், செம்மண் நிறத்தில், நுரைத்து, சருகுகளைச் சுமந்து போய்க்கொண்டிருந்தது. முதல் குச்சி இல்லை. இரண்டாவதைச் சுற்றி நீர் சுழித்தது. கூடாரத்தை வைக்கும் பை, உள்ளே நோட்டுடன், என் தோளில் இருந்தது. பத்து அடி நடந்தபின் நான் திரும்பினேன். முளைகளைப் பிடுங்கிக் கூடாரத்தைச் சுருட்ட ஐந்து நிமிடம் போதும் என்று கணக்கிட்டேன். முதல் முளையைப் பிடுங்கியும் விட்டேன்.

கோபி என் மணிக்கட்டைப் பிடித்தார். "உடுங்கப்பா. சாமான உட்டுட்டு நடன்னு அவன்தான எழுதி வச்சிருக்கான்? ஜல்தி வாங்க. நீங்க நின்னா நானும் நிக்கணும். எனக்கு ரெண்டு பொண்ணு."

முளையைக் கீழே போட்டேன். அவருடைய துண்டின் ஒரு முனை என் இடுப்பில், மறுமுனை அவர் இடுப்பில். நீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது. காலடியில் மணல் நழுவுவதை ஒவ்வோர் அடியிலும் உணர்ந்தேன். நான் அஞ்சியது எனக்காக மட்டுமில்லை, அந்தத் துண்டுக்காகவும். நான் சறுக்கினால் அது அவரையும் இழுக்கும். கரையேறியபின் டார்ச்சைத் திட்டின் பக்கம் திருப்பினோம். பூச்சிகள் வெளிச்சத்தைச் சுற்றி மொய்த்தன. கூடாரம் ஒரு பக்கம் உப்பி எழுந்து, மெதுவாகத் திரும்பி, வெளிச்சத்தின் எல்லையைத் தாண்டிப் போயிற்று.

மலையில் பிற்பகலில் பெய்த மழை என்று மறுநாள் சொன்னார்கள். சேவூரில் என் வீட்டுச் சுவர்கள் உறுதியானவை. ஆயினும் நாற்பது ஆண்டுகளாக மூடிய கதவுக்குப் பின்னால் நான் உணர்ந்த பாதுகாப்பு, அந்த விரலில் சுற்றிய ஒற்றை இழை தந்த பாதுகாப்புக்கு நிகராகாது. முள்ளிப்பட்டில் மறுநாள் தறிகள் மீண்டும் ஓடின. கோபியின் ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த கோடு சிவந்திருந்தது.

செய்யாமல் நிற்பவை:

திட்டைக் காலி செய்த விவரத்தைக் கிராம நிர்வாக அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்தல்.

நீர் வடிந்ததும், மீதி முளைகளை எடுத்து வருதல். கொண்டு போனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

நோட்டில் நான்காம் விதியின் கீழ் விளக்கைப் பற்றி ஒரு வரி சேர்த்தல்.

கோபியின் பெண்களை நேரில் பார்த்துவிட்டு வருதல்.

கூடாரத்தின் வெற்றுப் பையை எங்கே வைப்பதென்று முடிவு செய்தல்.